கூழாம்பட்டியார் குழி சுமந்த கதை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! என் வாயில் மிச்சமிருக்கிற இரண்டு கடைவாய்ப் பல்லின் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யானாலும் அவையும் இப்போதே உதிரட்டும். மற்றவை எப்படி உதிர்ந்தன என்று மட்டும் கேட்காதீர்கள்.

கூழாம்பட்டிக்காரர்களின் மூளையையெல்லாம் திரட்டி உருட்டினால் ஒரு கோல்ஃப் பந்து தேறாது. அந்த ஊருக்கும் மலையூற்றுக்கும் நடுவே ஓர் எஸ்டேட்டின் கோல்ஃப் மைதானம். பெண்கள் குடத்தோடு குறுக்கே நடப்பது மேனேஜர் வில்பிரட்டுக்குப் பிடிக்கவில்லை. கேட்டைப் பூட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். பூட்டினால் தண்ணீருக்கு மலையைச் சுற்றி நாலு மைல்.

நியாயம் கேட்க மூன்று பேர் போனார்கள். ஊர்த்தலைவர் மொக்கச்சாமி; அவர் மைத்துனன் பூவலிங்கம்; மூன்றாம் வகுப்பை மூன்று முறை படித்ததால் ஊருக்கே படிப்பாளியான வெள்ளையப்பு.

"என்னோட ஒரே ஒரு குழி ஆடி ஜெயிங்க, பாதை உங்களுக்கு" என்றார் மேனேஜர். ஆட்டத்தையும் விளக்கினார். "இந்தக் குழிக்கு பார் நாலு. நல்ல ஆட்டக்காரன் நாலு அடியில பந்தை உள்ளே போட்டுடுவான். ஒண்ணு குறைஞ்சா பேர்டி, ரெண்டு குறைஞ்சா ஈகிள். ஒண்ணு கூடினா போகி. குறைச்சலா அடிச்சவன் ஜெயிச்சவன். பந்தைக் கையால தொடக்கூடாது. யார் மண்டைக்காவது ஆபத்துன்னா 'ஃபோர்'னு கத்தணும். ஒருத்தர் ஆடி முடிக்கிறவரைக்கும் அடுத்தவர் குறுக்கே வரக்கூடாது."

அவர் நாலே அடியில் முடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

மூவரும் பந்தைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நாலைவிட மூணு குறைச்சல் மாமா" என்றான் பூவலிங்கம்.

"மூணைவிட ரெண்டு. ரெண்டைவிட ஒண்ணு" என்று விரல்களை மடக்கிக்கொண்டே வந்தான் வெள்ளையப்பு. கடைசி விரலையும் மடக்கிவிட்டுத் திடுக்கிட்டான். "அடிக்காமலே இருந்தாத்தான் ரொம்பக் குறைச்சல்!"

"அடிக்காம பந்து எப்படிடா குழிக்குப் போகும்?"

"அது ஏன் போகணும்? குழி வரட்டும். பந்தைத்தானே தொடக்கூடாதுன்னாரு?"

மொக்கச்சாமி கண்கலங்கினார். "படிப்பு படிப்புதான்டா!"

வேலிக்கு அப்பால் குடத்தோடு நின்ற அவர் மனைவி ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு தட்டு தட்டித்தான் பாருங்களேன்யா!"

"கம்முனு கிட. தட்டினா ஒரு அடி கணக்காயிடும்."

பந்து கறுத்துவிடாமல் தலைவர் குடை பிடித்து நின்றார். மற்ற இருவரும் கடப்பாரையோடு போய், குழியை அதைச் சுற்றியிருந்த மண்ணோடு பெயர்த்துக் கூடையில் வைத்தார்கள். பூவலிங்கம் சுமந்தான். வெள்ளையப்பு முன்னால் ஓடினான். "குழி வருது, ஒதுங்குங்க! ஃபோர்! ஃபோர்!"

மேனேஜர் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டார். குறுக்கே போக முடியாதே, அவர் சொன்ன விதியாயிற்றே!

கூடையை இறக்கினால், உள்ளே வெறும் மண்.

"குழி எங்கேடா?"

"வழியில சிந்திருச்சு மாமா."

"ஓட்டைக் கூடையில எவனாவது குழியை அள்ளுவானாடா, கூமுட்டை?"

வந்த வழியெல்லாம் புல்லை விலக்கித் தேடினார்கள். காணோம். எடுத்த இடத்தில் கொஞ்சம் குழி மிச்சமிருக்கும் என்று இன்னும் தோண்டினார்கள். ஆளுயரம் தோண்டியதும் குபுக்கென்று தண்ணீர் பொங்கியது.

"ஐயோ, குழியைத் தண்ணி முழுங்கிருச்சே!" என்று தலைவர் அலறினார்.

இறைத்துப் புல்லில் ஊற்றினால் திரும்ப உள்ளேயே வழிந்தது. ஆகவே குடங்குடமாய் ஊருக்குச் சுமந்துபோய், வீடு வீடாகத் தொட்டியில் கொட்டினார்கள்.

வருஷம் இரண்டாகிறது. இன்னும் இறைக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் குடம் தூக்குவதையே மறந்துவிட்டார்கள். நேற்றுகூட மொக்கச்சாமி மூச்சிரைக்கச் சொன்னார்: "கவலைப்படாதீங்க தாயி! அடியில குழி தட்டுப்பட்டதும் ஜெயிச்சிருவோம். அப்புறம் ஊத்துக்குப் போய் நீங்களே தண்ணி எடுத்துக்கலாம்!"

இதை நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும். என் வீட்டுக்கும் தினம் நாலு குடம் வருகிறது.