அகராதியில் இல்லாத சொல்

அறந்தாங்கிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் பிலவேந்திரன், ஷாகுல், இளம்பரிதி என்று மூன்று பேர் கம்ப்யூட்டர் படித்து வந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதுதான் பிடிபடாது.

தமயந்தி மேடம் அவர்களுக்கு ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, முதல் எழுத்துகளை அடித்தால் மீதிச் சொல்லைக் கம்ப்யூட்டரே நிரப்பும்படி புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார். பிலவேந்திரன் எப்படியோ எழுதிவிட்டான். ‘கத்’ என்று அடித்தால் ‘கத்தரிக்காய்’ வந்தது. சோதனைத் தாளில் மூன்றாவது டெஸ்ட்தான் இடித்தது: ‘தெரியாத சொல்லைக் கொடுத்தால் ஒன்றும் வரக்கூடாது.’ வெள்ளிக்கிழமைக்குள் இது தேறாவிட்டால் அரியர்.

“தெரியாத சொல்லை எப்படிடா அடிக்கிறது? தெரிஞ்சாத்தானே அடிக்க முடியும்” என்றான் பிலவேந்திரன்.

“அடிச்சிட்டா தெரிஞ்சுபோயிடுமே” என்றான் இளம்பரிதி கவலையோடு.

மேடத்திடம் போய்க் கேட்டார்கள். “அகராதியில இல்லாத சொல்லாப் பார்த்து அடிங்கப்பா” என்றார் அவர்.

நூலகத்துப் பெரிய அகராதியை வாங்கி, ஆளுக்கு முந்நூறு பக்கம் பிரித்துக்கொண்டு மூன்று நாள் தேடினார்கள். பிலவேந்திரனுக்குக் கண் எரிந்தது. கடைசிப் பக்கத்தை மூடும்போது அழுகையே வந்துவிட்டது. அகராதியில் இல்லாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

“கிழிஞ்ச பக்கத்துல இருந்திருக்குமோ” என்றான் ஷாகுல்.

பிறகு பிலவேந்திரன் டீக்கடைக்காரரிடம் போய், “அண்ணே, உங்களுக்குத் தெரியாத சொல் ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டான். அவர் ரொம்ப நேரம் யோசித்து, “தெரியாது தம்பி” என்றார். பஸ் கண்டக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொன்னதும் அவனுக்கு நம்பிக்கை பிறந்தது. ஓடிவந்து ‘தெரியா’ வரைக்கும் அடித்தான். கம்ப்யூட்டர் ‘தெரியாது’ என்றது. அதற்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேடமே பொறுமை இழந்து, ஒரு துண்டுத் தாளில் ‘ழ்ஞக்கு’ என்று எழுதிக் கொடுத்தார். “இப்படி ஒரு சொல் உலகத்துலயே கிடையாது. இதை வச்சுப் பாருங்க. மத்தியானம் வர்றேன்.”

மத்தியானம் வந்து உட்கார்ந்து, மேடம் ‘ழ்’ என்று அடித்தார். பளிச்சென்று ‘ழ்ஞக்கு’ வந்து நின்றது.

“இதை ஏன்ப்பா பட்டியல்ல சேர்த்தீங்க?”

“சேர்க்கலைன்னா, எந்தச் சொல் தனக்குத் தெரியாதுன்னு அதுக்கு எப்படி மேடம் தெரியும்?” என்றான் பிலவேந்திரன்.

மேடம் வாயைத் திறந்தார். மூடினார். ஷாகுல் அவர் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒண்ணும் வரல” என்று மூன்றாவது டெஸ்டுக்கு நேரே டிக் போட்டான்.