தலை வெட்டி நட்ட வாழை

முன்னொரு காலத்தில், ராஜாக்களின் பட்டப்பெயர்கள் நீளமாகவும் குடிகளின் ஆயுள் குட்டையாகவும் இருந்த ஒரு நாட்டில், மகாராஜா ஒருவர் காலைப் பலகாரம் முடித்து வாழைப்பழத்துக்குக் கை நீட்டினார். அவருடைய பட்டங்களை முழுதும் சொன்னால் பழம் கறுத்துப்போகும், விட்டுவிடுவோம். கையில் வந்தது இரட்டைப்பழம். ஒரே தோலுக்குள் இரண்டு.

வேறு வீடாக இருந்தால் இரட்டைப்பிள்ளை பிறக்கப்போகிறது என்று கேலி பேசிவிட்டுத் தின்றிருப்பார்கள். மகாராஜா பழத்தைக் கீழே வைத்தார்.

"ஒரு தோலுக்குள் இருவர். பிரதானி, இதன் பொருள் என்ன?"

பிரதானி திருமலைக்கொழுந்து, பொருள் சொல்வதற்கென்றே மானியம் அனுபவிக்கிறவர். ராஜாவின் புருவம் போன திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு நாட்டுக்குள் இரண்டு அரசர் என்று பொருள், பிரபு. பழம் அனுப்பிய தோட்டக்காரன் சொல்லாமல் சொல்லியிருக்கிறான்."

வெயில் ஏறுவதற்குள் தோட்டக்காரன் மாடக்கண்ணு கை கட்டப்பட்டுச் சபையில் நின்றான். வாசலில் அவன் மனைவி இசக்கி. தலை வெட்டும் உத்தியோகத்திலிருந்த அரண்மனைக் கொலையாளி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த மாதம் அவனுக்கு இது ஏழாவது வேலை. போன வாரம் போனவன் ஒரு சமையற்காரன். மகாராஜா தும்மியபோது 'நூறாயுசு' சொல்ல மறந்தவன்.

சமையற்காரன் போன நாளிலிருந்து குழைக்காதனுக்குச் சோறு இறங்கவில்லை. குழைக்காதன் அந்தச் சபையின் விகடன். மகாராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அன்று அவன் நாக்கு புரள்வதற்குள் அந்தத் தலை உருண்டுவிட்டது. இன்று முந்திக்கொண்டான்.

"மகாராஜா, சாகப்போகிறவனின் கடைசி ஆசையைக் கேட்பது தங்கள் பாட்டனார் காலத்து வழக்கம்."

"கேள்."

குழைக்காதன் மாடக்கண்ணுவின் வாயருகே காதை வைத்தான். "எம் பொண்டாட்டி மூணு மாசமா முழுகாம இருக்கா, சாமி" என்று ஒரு முனகல் கேட்டது. குழைக்காதன் நிமிர்ந்தான்.

"தன் வீட்டுக் கொல்லையில் ஒரு வாழை வைத்து, அது பட்டுப்போகும் வரை பார்த்துவிட்டுச் சாக ஆசைப்படுகிறான், பிரபு."

"வாழை எவ்வளவு காலம் இருக்கும்?"

சபையில் அத்தனை பேரும் தினமும் வாழையிலையில் சாப்பிடுகிறவர்கள்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. அரண்மனை வைத்தியர்தான் கடைசியில் சொன்னார்: "ஏறக்குறைய ஓராண்டு. தார் வெட்டியதும் மரம் செத்துவிடும்."

"பனை கேட்டிருந்தால் நூறு வருஷம் கிடைத்திருக்கும். மடையன்!" மகாராஜா உற்சாகமாகிவிட்டார். "கொடுத்தோம். அவன் நட்ட வாழை பட்டுப்போகும் வரை அவன் தலையை ஒருவரும் தொடக்கூடாது. நம் வாக்கை ஓலையில் எழுதுங்கள்."

பிரதானி குனிந்தார். "இடையில் அவன் ஓடிவிட்டால், பிரபு? பரிந்து பேசிய விகடனின் கழுத்தை ஈடாக வைத்துக்கொள்ளலாமே. கன்றையும் அடியேனே வாங்கிக் கொடுக்கிறேன். ஏமாற்று நடக்கக்கூடாது பாருங்கள்."

"ஆகட்டும்."

மாடக்கண்ணுவையும் விகடனையும் கூட்டிக்கொண்டு பிரதானி போன சந்தையில் கன்றுகள் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஒன்றில் இலைகள் குடைபோல அகலம், பார்க்கவே கல்யாணக்களை. மற்றதில் இலை ஈட்டிபோல ஒடுங்கி, அடி மட்டும் பருத்து, அசிங்கமாக இருந்தது. பிரதானிக்குத் தேவை சீக்கிரம் சாகிற கன்று. மனிதர்களையே வேட்டியின் கரையை வைத்து எடை போடுகிறவர் அவர். ஒடுங்கிய குவியலில் இருந்ததிலேயே அசிங்கமானதைத் தூக்கினார்.

"ஐயையோ, பிரதானியாரே!" குழைக்காதன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். "இது ஓணான் வால் மாதிரி இருக்கிறதே! அந்த அகல இலைக் கன்றைக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்!"

கன்றுக்காரன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குழைக்காதன் அவன் காலை மிதித்தான். மாடக்கண்ணு தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்தினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அகல இலைக் கன்று வெறும் நீர். நிமிர்ந்து நின்று பகட்டும், அடியில் சத்து இருக்காது. ஈட்டி இலைக் கன்றைத்தான் விவரம் தெரிந்தவன் தன் கொல்லைக்கு எடுப்பான்.

பிரதானியும் கொலையாளியும் பார்த்து நிற்க, மாடக்கண்ணு வேர்களைச் சீவினான். பிறகு ஒரே வெட்டில் கன்றின் தலையை இறக்கி எறிந்தான். மிஞ்சியது ஒரு கிழங்கு. விவரம் தெரிந்தவன் வாழை நடுவது அப்படித்தான்.

"அவனே தலையை வெட்டிவிட்டானே!" என்று பிரதானி பூரித்துப்போனார்.

"சுத்தமான வெட்டு" என்றான் கொலையாளி, தொழில் மரியாதையோடு.

பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிவரும் இடத்தில் கிழங்கு மண்ணுக்குள் போனது.

அடுத்த ஓராண்டை மாடக்கண்ணு வாழ்ந்தான் என்று சொல்ல முடியாது, காவல் காத்தான். காற்றடித்தால் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டான். தார் கனத்ததும் கவைக்கம்பு முட்டுக் கொடுத்தான்.

"மரத்துக்கு என்னடே, காய்ச்சலா?" என்று, அவன் ஓடிவிடாமல் இருக்க நிறுத்தியிருந்த காவல்காரன் கேட்டான்.

"மரம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தாண்ணே நடுக்கம்."

பிள்ளை பிறந்தது. தார் முற்றியது. தாரை வெட்டி, மரத்தையும் சாய்த்த அன்று மகாராஜாவே கொல்லைக்கு வந்துவிட்டார். ஓராண்டாகக் காத்திருந்த வேடிக்கை அல்லவா? பின்னால் சபை, அதற்குப் பின்னால் கத்தி.

"வாழை பட்டுவிட்டது" என்றார் பிரதானி.

"எந்த வாழை?" என்று குழைக்காதன் கேட்டான். "இவன் நட்டது மரத்தையா? இலையும் தண்டும் வெட்டி எறிந்தது பிரதானியாரின் கண்முன்னால்தான். கொலையாளி சொல்லட்டும்."

"மேலே ஒன்றும் இல்லை, பிரபு. வெறும் கிழங்கு" என்றான் கொலையாளி. தொழில் விஷயத்தில் அவன் பொய் சொல்லமாட்டான்.

"நட்டது கிழங்கு, மகாராஜா. அது மண்ணுக்குள் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பியதுதான் பக்கத்தில் இடுப்புயரம் நிற்கும் இந்தக் கன்று. கிழங்கு செத்திருந்தால் இது எதைத் தின்று நிற்கிறது?"

"பித்தலாட்டம்!" பிரதானி கத்தினார். "பழையது செத்தது. இது வேறு!"

"வேறு என்றால் எங்கே பழையது முடிகிறது, எங்கே புதியது தொடங்குகிறது என்று தோண்டிக் காட்டட்டும். ஒன்று மட்டும், பிரபு. ஓலையில் இருப்பது தங்கள் வாக்கு. பிரதானியார் கைபட்டுக் கிழங்கு செத்தால், தங்கள் வாக்கைக் கொன்றவர் அவர்."

மகாராஜா மெதுவாகத் திரும்பிப் பிரதானியைப் பார்த்தார். "தோண்டும். விரலால்."

பட்டு அங்கவஸ்திரத்தோடு பிரதானி கழுநீர்ச் சேற்றில் மண்டியிட்டார். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல மண்ணை வழித்தார். உள்ளே கிழங்கும் கன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே சதையாகக் கிடந்தன. இங்கே என்று விரலை வைப்பார், எடுப்பார், வேறிடத்தில் வைப்பார்.

"எங்கே முடிகிறது?" என்றார் மகாராஜா.

பிரதானியின் மூக்கிலிருந்து சேறு சொட்டியது. "தெரியவில்லை, பிரபு."

பதினைந்து வருஷமாகச் சபையில் அவர் வாயிலிருந்து வராத சொல் அது. மகாராஜா ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்தது உறுதியானதும் சபையும் சிரித்தது.

"அந்தக் கிழங்கு இருக்கும் வரை அவனும் இருக்கட்டும்!" என்று சொல்லித் தம் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார். ஈடாக வைத்த கழுத்தில் கத்திக்குப் பதில் முத்து விழுந்தது. அதுவும் சில்லென்றுதான் இருந்தது.

சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இசக்கி இடுப்புப் பிள்ளையோடு முன்னால் வந்தாள். அவள் சிரிக்கவில்லை, தோண்டிய பள்ளத்தையே பார்த்தாள்.

"சாமி," என்றாள் குழைக்காதனிடம், தாழ்ந்த குரலில். "மகாராசாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. வேர் மேல நிக்காங்க."

சபை சிரிப்பை விழுங்கியது. கொலையாளி ராஜாவின் முகத்தைப் பார்த்தான். மாடக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டான்.

மகாராஜா குனிந்து தம் காலைப் பார்த்தார். ஒரு காலை எடுத்தார், மற்றதையும் எடுத்தார், தள்ளி நின்றார்.

இசக்கி உட்கார்ந்து மண்ணைத் தள்ளி மூடத் தொடங்கினாள்.