வடமலை கொடுத்த அண்டா

மடப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. எடுத்து உபயோகிக்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

வடமலையையே பாருங்கள். போன வருஷம் மாமனார் வீட்டு விசேஷத்துக்கு அவன் கொடுத்த குத்துவிளக்கில் பேர் இல்லை. மைக்கில் அதை மூத்த மாப்பிள்ளை கொடுத்ததாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது கொழுந்தியாள் கல்யாணம். இந்தத் தடவை எவர்சில்வர் அண்டா, அதில் இங்கிலீஷில் பேர். இதுவும் தப்பினால் மாமனார் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

டைப்பிங் வாத்தியாரிடம் போய்க் கேட்டான்.

"'வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம்'னு போட்டு, கடைசியில உன் பேரு. பேரு முன்னால வந்தா தப்பு. வார்த்தைக்கு வார்த்தை நல்லா இடம் விடச் சொல்லு."

பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர் மெஷினை எடுத்தார். கூட வந்த கொம்பையாவும் தவசியும், "இன்னும் இடம் விடுங்க, இன்னும்" என்று அவரை நகர்த்திக்கொண்டே போனார்கள். எழுத்து அண்டாவை முழுசாகச் சுற்றிவிட்டது.

தவசி விரலால் தடவிப் பார்த்தான். "ஏலே, 'வடமலை'க்கு அடுத்து 'வித்' நிக்குது. அப்போ உன் பேரு முன்னால வந்திருச்சே!"

வடமலைக்கு முகம் செத்துப்போனது.

"அந்தப் பக்கமிருந்து வாசிச்சா சரிதானே?" என்றான் கொம்பையா.

"இந்தப் பக்கமிருந்து வாசிச்சிட்டா?" என்றான் தவசி.

"அண்டாவுக்கு மூலை இல்லாததுதான் குறை. ஒரு மூலை தட்டிருவோமா?"

"ஓட்டையாயிரும்."

வெகுநேரம் யோசித்தார்கள். பேருக்கும் 'வித்'துக்கும் நடுவில் யாராவது முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து வாசிக்க முடியாதல்லவா? ஊரிலேயே அகலமான முதுகு கொம்பையாவுக்கு.

கல்யாண மண்டபத்தில் அப்படியே உட்கார்ந்தான். மைக் பிடித்திருந்தவர் அண்டாவைச் சுற்றி வந்து வாசித்தார். "வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ் ஃப்ரம்..." அதற்கு அப்புறம் பேரை மறைத்துக்கொண்டு முதுகுதான் இருந்தது.

"ஐயா பேரு?"

"மடப்பட்டி கொம்பையாங்க."

"அண்டா அன்பளிப்பு, மடப்பட்டி கொம்பையா!"

வடமலைக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கொம்பையா எழுந்தால் பேர் முன்னால் வந்துவிடுமே. பல்லைக் கடித்துக்கொண்டான்.

மாமனார் ஓடி வந்து கொம்பையாவின் கையைப் பிடித்தார். "இவ்வளவு பெரிய அண்டாவைக் கொடுத்துட்டு ஓரமா உக்காந்திருக்கீங்களே! வாங்க, முதப் பந்தியில உக்காருங்க" என்று இழுத்துக்கொண்டு போனார்.

இடம் காலியானது. வடமலை பாய்ந்து போய் முதுகைக் கொடுத்தான்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். "மாப்ளே, அடுத்தவங்க கொடுத்த சாமான்ல ஏன் சாயுறீங்க? அவரு பேரு அழிஞ்சிரப் போகுது!"

"அழியாது மாமா," என்றான் வடமலை. "அதுக்குத்தானே நான் காவலிருக்கேன்."