எத்தனையாவது குழி?

ஒரு காட்டில், பழைய மருதமரம் ஒன்றின் அடியில், முள்ளம்பன்றி மருந்துக்கடை வைத்திருந்தது. கடை என்றால் மரப்பொந்துதான். வேர் தோண்டி வருவது முள்ளம்பன்றியின் வேலை. உள்ளே குழி குழியாக மருந்தை அடுக்கி, எடுத்துக் கொடுப்பது எலியும் ஓணானும். முதலாளிக்கோ உடம்பெல்லாம் முள், பொந்துக்குள் நுழையவே முடியாது. வாசலில் கிளி உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள் குழந்தைகளே. மருந்தின் பெயரை மட்டும் சொன்னால் கிடைக்காது. அது எத்தனையாவது குழியில் இருக்கிறது, எடுத்துத் தருவது யார் கை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் கிளி திருப்பி அனுப்பிவிடும். ஏன் இந்த வம்பு? கடை தொடங்கிய நாளில் முள்ளம்பன்றி அப்படிச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் முயல் வந்து அழுதது.

"குட்டிக்குக் காய்ச்சல் அக்கா. இரண்டாம் குழி, எலி கை என்று சொன்னேன். கிளி தப்பு என்கிறது. போன வாரம் அதுதானே சரி?"

"ஐயோ, உங்களோடு மாரடித்தே என் ஆயுசு போய்விடும்!" என்று முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. "எறும்பு வந்திருக்கும், எலி இடம் மாற்றியிருக்கும். விசாரித்துத் தெரிந்துகொண்டு வரக் கூடாதா? மூளையை வீட்டிலே கழற்றி வைத்துவிட்டா வருகிறீர்கள்?"

இப்படிப் பொரிந்துவிட்டு அது வேர் தோண்டப் போய்விட்டது.

நடுப்பகலில் அதன் செல்லக் குட்டியைத் தேள் கொட்டிவிட்டது. கால் வீங்கி, குட்டி துடியாய்த் துடித்தது. முள்ளம்பன்றி அலறிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தது.

"அடேய் கிளி, சீக்கிரம்! தேள்கடி வேர்! மூன்றாம் குழி, எலி கை!"

"தப்பு," என்றது கிளி.

"என்னடா தப்பு? நான் தோண்டிய வேர்! நான் வைத்த கடை!"

"கடை உங்களுடையதுதான் அம்மா. குழி தப்பு."

"ஐந்து! இல்லை, எட்டு!"

"தப்பு. விசாரித்துத் தெரிந்துகொண்டு வாருங்கள்."

"யாரைடா விசாரிப்பேன்? எலியைக் கூப்பிடு!"

"எலி எந்தக் குழியில் இருக்கிறது, சொல்லுங்கள்."

முள்ளம்பன்றிக்கு ஆத்திரத்தில் முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது. "பாழாய்ப்போன சட்டம்! எந்த மடையன் போட்டான் இதை?"

"நீங்கள்தான் அம்மா."

காலையிலிருந்து மரத்தடியிலேயே கிடந்த முயல் அப்போது எழுந்து வந்தது. "அக்கா, சற்று முன்னால் வந்த நரிக்குத் தேள்கடி வேர் ஏழாம் குழியிலிருந்து, ஓணான் கையால் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

முள்ளம்பன்றி அதையே கத்தியது. வேர் வந்தது. வாயில் கவ்விக்கொண்டு ஓடப்போன முள்ளம்பன்றி, முயலின் வெறுங்கையைப் பார்த்து நின்றுவிட்டது.

"உனக்கு இன்னும் கிடைக்கவில்லையா?"

"குழி தெரியவில்லையே, அக்கா."

முள்ளம்பன்றிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "கிளி, இவள் குட்டிக்குக் காய்ச்சல். வேரைக் கொடு."

"எத்தனையாவது குழி?"

"அதை நீ உள்ளே கேள்! இவளைக் கேட்காதே! இனிமேல் யாரையும் கேட்காதே!"

கிளி முதல் தடவையாகத் தலையைப் பொந்துக்குள் நீட்டிக் கேட்டது. கண் இமைப்பதற்குள் வேர் வந்துவிட்டது.

இரண்டு குட்டிகளும் பிழைத்தன. அடுத்த வாரம் மறுபடி எறும்பு வந்தது, எலி எல்லாவற்றையும் இடம் மாற்றியது. வெளியே ஒருவருக்கும் அது தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. முள்ளம்பன்றிக்கும்தான்.

நீதி: உன் வீட்டுக்குள் நடக்கும் ஏற்பாட்டை, உதவி கேட்டு வாசலுக்கு வருபவர் தலையில் சுமத்தாதே.