வைக்கோல் பன்றியும் நெளியாத அம்பும்

முன்னொரு காலத்தில் ஏழுசுனை நாட்டை மகரவேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், வயிறு நிறைந்திருக்கும்போது. மற்ற நேரங்களில் அவன் எதிரில் தும்முவதற்குக்கூட ஆட்கள் பயப்படுவார்கள்.

ஒரு வருடம் அவனுடைய மாமனார் ஒரு வேட்டை வில்லைப் பரிசாக அனுப்பினார். போர் வில்லைப் போல ஆள் உயரம் இல்லை. புதருக்குள் குனிந்து நின்று எய்கிற குட்டை வில். அறுவடை முடிந்ததும் வருவதாகவும், மாப்பிள்ளை இதே வில்லால் ஒரு காட்டுப் பன்றியை வீழ்த்துவதைப் பார்க்க வேண்டும் என்றும் ஓலை வந்தது.

ராஜா தோட்டத்தில் ஒரு வைக்கோல் பன்றியை நிறுத்திப் பழக ஆரம்பித்தான். எய்த அம்பெல்லாம் இடப்பக்கமே போயிற்று. முதல் நாள் சோதிடரின் குடை கிழிந்தது. மறுநாள் சமையல்காரரின் மோர்ப்பானை உடைந்தது. சபையோர் கூடிப் பேசி, பன்றிதான் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது என்று ராஜாவிடம் பணிவோடு தெரிவித்தார்கள்.

அந்த அம்புகளைக் கொடுத்தவர் ஆயுதசாலைத் தலைவர் அடைக்கலராயர். ராஜாவின் கையில் மெலிந்த குச்சியா என்று, போர் வில்லுக்கான தடித்த அம்புகளுக்கே பொன்முலாம் பூசி நீட்டியிருந்தார். ராஜாவின் பார்வை தன் பக்கம் திரும்பியதும், மூங்கில் வெட்டித் தரும் குப்பாண்டிமேல் பழியைத் தள்ளினார். கோணல் மூங்கிலைக் கலந்து கொடுத்துவிட்டானாம். விசாரணை இல்லாமலே குப்பாண்டி சிறைக்குப் போனான்.

குப்பாண்டியின் மனைவி சடைச்சி, மலையடிவாரத்து வேடர்களுக்கெல்லாம் அம்பு செய்து கொடுப்பவள். ஆயுதசாலையைத் தாண்டி வேடர்கள் அவள் வீட்டுக்குப் போவது அடைக்கலராயருக்கு நெடுநாள் எரிச்சல். புருஷனைப் பிடித்துக்கொண்டு போன மறுநாளே அவள் சபைக்கு வந்து நின்றாள். பொன்முலாம் அம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு முனைகளையும் இரண்டு முக்காலிகளின்மேல் வைத்து, நடுவில் ஓர் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். அம்பு துளிகூடத் தொய்யவில்லை.

"மகாராசா, நாண் தள்ளும்போது அம்பு மீன் மாதிரி நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இந்தக் குட்டை வில்லுக்கு இது உலக்கை. நெளியாமல் வில்லில் இடித்து இடப்பக்கம் எகிறுகிறது" என்றாள்.

தன் அம்பில் குறையே கிடையாது என்று அடைக்கலராயர் உறுமினார்.

"அப்படியானால் மிச்சம் இரண்டுதான், ஐயா. வில் மாமனார் கொடுத்தது. கை மகாராசாவுடையது. குற்றம் எதில் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்."

அடைக்கலராயர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் எல்லாம் காற்றின் வேலை என்றார்.

"காற்று நின்ற நேரமாகப் பார்த்து எய்யலாம். ஐயா பன்றிக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி நிற்கட்டும். அவர் அம்புதான் நேராகப் போகுமே" என்றாள் சடைச்சி.

ராஜாவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. தனக்கு மூட்டுவலி, நிற்க முடியாது என்றார் அடைக்கலராயர். உட்கார முக்காலி போடச் சொன்னான் ராஜா. அதன் பிறகுதான் அவர் ராஜாவின் காலில் விழுந்து, கொடுத்தது போர் அம்பு என்று ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் ராஜா குப்பாண்டியை விடவில்லை. சடைச்சியே அம்பு செய்தாலும் அது நேராகப் போகும் என்பதற்கு என்ன நிச்சயம்? மூன்று நாளில் அவள் செய்து காட்ட வேண்டும், தவறினால் அவளுக்கும் சிறை என்றான்.

சடைச்சி தோட்டத்தில் உட்கார்ந்து மூங்கில் தண்டுகளை ஒவ்வொன்றாக எடைக்கல் கட்டிப் பார்த்தாள். ஒரு விரல் அளவு தொய்கிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். இறகு கட்டினால் அது அம்பைப் போகிற போக்கில் நேராக்கித் தண்டின் தப்பை மறைத்துவிடும் என்று, இறகில்லாத அம்பையே முதலில் ராஜாவிடம் கொடுத்தாள். அது வலப்பக்கம் போயிற்று. தண்டு கொஞ்சம் கூடுதலாக நெளிகிறது என்று, நெளிவு குறைய நீளத்தில் அரை விரல் நறுக்கினாள். மறுபடி எய்தான், மறுபடி நறுக்கினாள். மூன்றாவது தடவை பன்றியின் விலாவில் பாய்ந்தது. அதே அளவில் பன்னிரண்டு அம்புகள் செய்து இறகு கட்டினாள்.

மூன்றாம் நாள் சபை முழுக்கத் தோட்டத்தில் கூடியது. யாரும் சொல்லாமலே சடைச்சி நடந்து போய்ப் பன்றிக்கு இடப்பக்கம் ஒரு முழத்தில் நின்றாள். இதுவரை சோதிடரைப் பற்றியோ சமையல்காரரைப் பற்றியோ கவலைப்படாத ராஜா, அன்று பூட்டிய அம்பை இழுக்கத் தயங்கினான்.

"பயமில்லையா உனக்கு?" என்று கேட்டான்.

"அம்பை எனக்குத் தெரியும், மகாராசா. உங்கள் கையைத்தான் தெரியாது."

மந்திரி கண்ணை மூடிக்கொண்டார். ராஜா வில்லைத் தாழ்த்தி அவளை முறைத்தான். பிறகு காலை ஊன்றி, மூச்சை அடக்கி, பிறந்தது முதல் செய்யாத காரியமாக நிதானமாய்க் குறிபார்த்தான். அம்பு பன்றியின் கழுத்தில் இறகுவரை இறங்கியது. சடைச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆயுதசாலை அன்றே அவள் பொறுப்புக்கு வந்தது. அடைக்கலராயருக்கு அரண்மனை வாத்துகளின் பின்னால் போய், அம்புக்கு இறகு பொறுக்கும் வேலை கிடைத்தது. வாத்துகள் அவருடைய பழைய பதவியை மதிக்கவில்லை.

சடைச்சி விடுதலை ஓலையோடு சிறைக்கு ஓடினாள். குப்பாண்டி கன்னம் உப்பி, வயிறு தள்ளி உட்கார்ந்திருந்தான். ஓலையில் இருந்ததைக் கேட்டதும் முகம் வாடியது.

"இதையே ரெண்டு நாள் கழித்துச் செய்திருக்கக் கூடாதா? நாளைக்கு இங்கே கறிச்சோறு" என்றான்.

சடைச்சி சிறைக் காவலனிடம் திரும்பி, இந்த ஆளை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று விசாரித்தாள்.