பெருச்சாளி சாக்கடைக்குக் குடிபோன கதை

மனிதரும் மிருகங்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், பெருச்சாளிக்கு வீடு வயல்வரப்பில்தான். உடம்பு வைக்கோல் நிறத்தில் பளபளவென்று இருக்கும்.

பக்கத்தில் தாழ்பாடி என்றொரு நகரம். பெயருக்கேற்ற பள்ளம். அடைமழை வந்தால் சாக்கடை பொங்கி வீட்டுக்குள் வரும், கிணற்றில் கலக்கும், குழந்தைகள் வாந்திபேதியில் சாகும். அப்படி மகளைப் பறிகொடுத்தவள் மாசாத்தி. அவள்தான் முந்நூறு பேரைச் சேர்த்து, ஊருக்கு அடியில் யானை நுழையும் அகலத்துக்குச் சுரங்கக் கால்வாய் வெட்டினாள். மழைநீரும் கழிவும் அதில் இறங்கிக் கடலுக்குப் போய்விட வேண்டும்.

நாலு வருஷ வேலை. கடல் பக்கம் பத்து முழ மண் மட்டும் பாக்கி இருந்தபோது, ஒரு காலையில் மழை முந்திக்கொண்டது.

தெருத்தண்ணீர் முழுவதும் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. வெளியேற வழியில்லை. நிரம்பினால் அத்தனையும் வீடுகளுக்குள் திரும்பும். மண்வெட்டியால் வெட்டினால் ஒரு நாளாகும். மாசாத்தி வரப்புக்கு ஓடினாள்.

“பெருச்சாளியம்மா! வெளிய வா!”

பெருச்சாளி தலையை மட்டும் நீட்டியது. “சுரங்கத்துச் செங்கல்லைப் பேத்துடுவேன்னு போன மாசம் என்னைக் கல்லால அடிச்சு விரட்டினவ நீதானே?”

“ஆமா, நான்தான். இப்ப ஊரே மூழ்கப்போகுது. கடல் பக்கத்து மண்ணுல ஒரு வளை தோண்டினா போதும், மீதியைத் தண்ணியே அறுத்துக்கும்.”

“அந்தத் தண்ணி முதல்ல என் மூஞ்சியிலதானே பாயும்?”

மாசாத்தியால் பொய் சொல்ல முடியவில்லை. “ஆமா.”

பெருச்சாளி திரும்பித் தன் நாலு குட்டிகளைப் பார்த்தது. “உன் மக போன அன்னைக்கு நீ அழுதது இங்க வரைக்கும் கேட்டுச்சு. இதுங்களைத் தூக்கிக்கோ.”

குட்டிகளை முந்தானையில் முடிந்துகொண்டு மாசாத்தி கடல் பக்கம் வெட்டாமல் கிடந்த மண்கரையில் நின்றாள். பெருச்சாளி தோண்டத் தோண்ட மண் பறந்தது. பிறகு அதன் வால்நுனியும் உள்ளே மறைந்தது. ஊர்ப்பக்கமிருந்து கூச்சல் கேட்டது. முதல் தெருவில் தண்ணீர் படியேறிவிட்டதாம். குட்டிகள் நடுங்கின. அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று கரை அதிர்ந்தது. கறுப்புத் தண்ணீர் மண்ணைப் பிளந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்தது. ஊர் தப்பியது. பெருச்சாளியைக் காணோம்.

மூன்றாம் நாள் மழை விட்டதும், குட்டிகளோடு சுரங்கத்துக்குள் இறங்கித் தேடினாள். சுவர்ப் பொந்தொன்றில் முனகல் கேட்டது. சேறு ஊறிக் கறுத்துப்போய்ப் பெருச்சாளி ஒண்டியிருந்தது.

“வா, வரப்புக்குப் போகலாம்.”

“வெளிச்சம் கண்ணைக் குத்துது. மறுபடி மண்ணு சரிஞ்சு அடைச்சா யாரு தோண்டுவா? குட்டிங்களை இங்கேயே விடு.”

மாசாத்தி அழுதுகொண்டே இறக்கிவிட்டாள்.

அன்று முதல்தான் பெருச்சாளி சேற்று நிறத்தோடு சாக்கடையில் குடியிருக்கிறது; மழை வலுத்தால் தெருவுக்கு ஏறி வந்து தண்ணீரை ஒருமுறை பார்த்துவிட்டு, பதறிக்கொண்டு உள்ளே ஓடுகிறது.