பின்னால் வருகிறவள்

டிவியோடு இணைக்கும் கம்ப்யூட்டர்கள் வீடுகளுக்கு வந்த புதிதில் மரகதம் ஒரு விளையாட்டு எழுதினாள். படம் கிடையாது, வெறும் எழுத்து. பழைய கிரேக்கக் கதைதான். செத்துப்போன மனைவியைப் பாணன் ஒருவன் பாதாளத்திலிருந்து அழைத்து வர வேண்டும். அவன் முன்னால் நடப்பான், அவள் பின்னால் வருவாள். வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவள் போய்விடுவாள்.

டைப்ரைட்டிங் பள்ளி நடத்திய அருமைநாயகம் அவளிடம் சீடராகச் சேர வந்தார். அவளைவிட வயதில் மூத்தவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

"இவளை மேலே கொண்டு வாங்க, மாஸ்டர். அப்புறம் இதுபோல எழுதக் கத்துத்தரேன்" என்று விளையாட்டைப் பதிந்திருந்த கேசட்டைக் கொடுத்தாள்.

மழைக்காலம் போன பிறகு ஒரு காலையில் அவர் கேசட்டோடு வந்தார்.

"என்னால ஆகாது, டீச்சர். நான் பள்ளிக்கே போயிடறேன்."

"வழி பிடிபடலையா?"

"வழியெல்லாம் மனப்பாடம். கடைசியில 'பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை'ன்னு திரையில வருது. உடனே 'திரும்பிப் பார்'னு தட்டிடறேன்."

"கூடாதுன்னு தெரியுமே?"

"தெரியும். அவ வரலைன்னா நான் மட்டும் மேலே போய் என்ன செய்ய?" குரலைத் தாழ்த்தினார். "அவளை விட்டுட்டேன்னு தூக்கத்துல கத்தறேனாம். அவ யாருன்னு வீட்ல கேட்டா. பேர் தெரியாதுன்னேன். அதுதான் தப்பாப் போச்சு."

மரகதம் சிரித்தாள். கேசட்டை ஓடவிட்டாள். அது கீச்சிட்டு, விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓய்ந்ததும் அவரை உட்காரச் சொன்னாள். அவர் பாதாளத்தில் இறங்கி, அவளை அழைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

மரகதம் கையை நீட்டி டிவியை அணைத்தாள்.

"ஐயோ, டீச்சர்!"

"டிவிதான் அணைஞ்சிருக்கு. கம்ப்யூட்டர் ஓடுது. தட்டுங்க."

"அவ வராளான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தட்டுங்க."

கறுத்த கண்ணாடியில் அவர் முகம் மட்டும் இருந்தது. கிழக்கு என்று தட்டினார். மேலே. மறுபடியும் மேலே. அந்தக் கடைசி இடம் வந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. வெகுநேரம் கழித்து வடக்கு என்று தட்டினார். இன்னொரு வடக்கு.

"அவ்வளவுதான்" என்றார்.

மரகதம் டிவியை மறுபடி போட்டாள். அது மெல்லச் சூடேறி எழுத்தைக் காட்டியது. 'வெயில். உன் பக்கத்தில் அவள் நிற்கிறாள்.'

அருமைநாயகம் இரண்டு தரம் படித்தார். மூச்சு விட்டார். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"வந்துட்டா, டீச்சர்."

"வந்துட்டா."

சற்றுப் பொறுத்து அவருக்குச் சந்தேகம் வந்தது. "சத்தம் கேட்கலைங்கற எழுத்து இந்தத் தடவை வரலையா?"

"வந்திருக்கும். எப்பவும் வரும்."

"அப்போ அது பொய்யா?"

"நிஜந்தான். வாசல் நெருங்கினா தரை மணலாயிடும், மாஸ்டர். உங்க காலடியும்தான் கேட்டிருக்காது."